அஞ்சு மணி வாசனை

என் கொழுந்தன் இப்போதெல்லாம் மேடையில் பேசுகிறான். புதிதாகத் தொழில் தொடங்கப்போகிற பிள்ளைகளை ஒரு ஏசி ஹாலில் உட்காரவைத்து, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, பாதி இந்தியும் பாதி இங்கிலீஷுமாக முழங்குகிறான். சின்ன வியாபாரத்துக்குப் பெரிய விளம்பரம் தேவையில்லையாம். ஒரே சரக்கு, ஒரே தரம், ஒரே நேரம், அதை விடாமல் செய்தால் போதுமாம். உதாரணத்துக்கு என் கடையைச் சொல்கிறான். "கரோல் பாகில் என் மதினி காப்பிப்பொடிக் கடை வைத்திருக்கிறார். எதையும் மாற்றாதீர்கள் மதினி என்று அன்றைக்கே சொன்னேன்" என்கிறான். நான் கடைசி வரிசையில்தான் இருந்தேன். வாயில் சமோசா இருந்ததால் தப்பித்தான்.

பச்சைப் பொய். வருகிறபோதெல்லாம் மாற்று, மாற்று என்று என் உயிரை எடுத்தவன் அவன். நான் கல்யாணமாகி வந்தபோது அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பம்பரம் விட்டவன், அதனால் 'அவன்' என்றுதான் எழுதுவேன். நடந்தது என்ன என்று நானே சொல்லிவிடுகிறேன். அவன் சொல்லிச் சொல்லி அதுவே உண்மையாகிவிடப் போகிறது.

எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். என் புருஷனுக்கு மத்திய சர்க்காரில் கிளார்க் உத்தியோகம், டெல்லி கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ். எங்கள் வரிசையில் பாதி வீடு தமிழ் வீடு. ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் மேல்தட்டில் ஒரு தகர டின் இருக்கும். லீவுக்கு ஊருக்குப் போனபோது வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த காப்பிப்பொடி. அடுத்த லீவு வரைக்கும் அதேதான். சித்திரையில் அரைத்த பொடியை மார்கழியில் குடிப்பார்கள். மணம் செத்து எத்தனையோ மாசம் ஆகியிருக்கும், டிகாக்‌ஷன் இறக்கினால் செம்மண் தண்ணீர்தான் இறங்கும். அதைக் குடித்துவிட்டு, "என்ன இருந்தாலும் ஊர்ப் பொடி ஊர்ப் பொடிதான்" என்று தலையை ஆட்டுவார்கள். ஊர் என்று சொல்லிவிட்டால் போதும், இந்தச் சனங்களுக்கு மூக்கும் நாக்கும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் அப்பாவுக்கு ஜங்ஷன் பக்கத்தில் காப்பிப்பொடிக் கடை. பாவாடை கட்டின நாளிலிருந்து கொட்டை வறுபடுகிற சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவள் நான். பிள்ளைகள் இரண்டும் ஸ்கூலில் பெரிய வகுப்புக்குப் போன பிறகு, தொண்ணூறுகளின் நடுவில், டெல்லியிலேயே வறுத்து அரைத்து விற்கப்போகிறேன் என்றேன். சர்க்கார் உத்தியோகஸ்தர் வியாபாரம் செய்யக் கூடாது, பெண்டாட்டி செய்யலாம், ஆபீசில் சொல்லிவிட வேண்டும். என் புருஷன் பயந்து பயந்து சொல்லிவிட்டு வந்தார்.

கரோல் பாகில் மெயின் ரோட்டைப் பார்த்த ஒரு பஞ்சாபி வீட்டின் கீழ்ப்பகுதி கிடைத்தது. முன்பு அங்கே ஒரு தையல்காரர் இருந்தாராம். மாடியில் ஓனரும் ஓனரம்மாவும். வறுக்கிற டிரம் ஒன்று, அரவை மெஷின் ஒன்று, ஒரு மரப் பெஞ்சு, அவ்வளவுதான் கடை. இரண்டே ரகம்: சிக்கரி போட்டது, போடாதது. காக்கிக் கவர், அதன் மேல் ஊதா மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்.

திறந்துவைத்தால் ஒரு ஈ காக்கை வரவில்லை. பார்க்கிற தமிழ்ச் சனத்திடமெல்லாம் சொன்னேன். "ஊர்ல இருந்து இப்பத்தான் வந்துச்சு, தீரட்டும்" என்றார்கள். அது தீராது, எனக்குத் தெரியாதா? தீர்ந்தால் அண்ணன் வருவான், அத்தை வருவாள், ஆளுக்கொரு டின்னோடு வருவார்கள். வாயால் சொல்லி இவர்களை மசிய வைக்க முடியாது என்று புரிந்தது. மூக்கில்தான் சொல்ல வேண்டும்.

கடைக்கு நேர் எதிரே பஸ் ஸ்டாப். சாயங்காலம் அஞ்சு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்து டிரம்மைச் சுழலவிட்டால், காய்கறி வாங்கப் போகிற பெண்கள் போகும்போது மணம் கிளம்பும், ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது தெரு முழுக்க நிற்கும். இரண்டு கதவையும் விரியத் திறந்துவைத்து வறுத்தேன். ஒரு வாரம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு நாள் ஒரு பெரியவர், ஓடுகிற பஸ்ஸிலிருந்து தன் ஸ்டாப்புக்கு முன்னாலேயே குதித்து, ரோட்டைக் கடந்து வந்தார். "யம்மா, இந்த மணத்தை மோந்து எவ்வளவு நாளாச்சு!" என்றார். வீட்டில் டின் நிறைய ஊர்ப் பொடி இருப்பதாக அவரே சொன்னார். சொல்லிவிட்டு என் பொடியை வாங்கிக்கொண்டு போனார்.

அன்றைக்கு முடிவு செய்தேன். அஞ்சு மணி என்றால் அஞ்சு மணி. திங்கள்கிழமையும் ஹோலி அன்றைக்கும் மார்க்கெட் லீவு, அவை மட்டும்தான் விதிவிலக்கு. ஜூன் மாசத்தில் லூ என்கிற அனல் காற்றில் ரோட்டில் தார் இளகி நிற்கும், உள்ளே டிரம் பக்கம் நிற்கிற என் முகம் வெந்துவிடும், வறுப்பேன். ஜனவரி மூடுபனியில் எதிர்சாரி பஸ் ஸ்டாப்பே தெரியாது, வறுப்பேன். டெல்லியில் கரண்ட் போகாத சாயங்காலம் ஏது? போனால் கைப்பிடியைச் செருகித் தோள் விட்டுப்போகிற வரைக்கும் சுற்றுவேன். வாங்க ஆள் இருக்கிறதா இல்லையா என்று பார்த்து அடுப்பை மூட்டுகிற பழக்கம் மட்டும் எனக்குக் கிடையாது. மூட்டினால்தானே ஆள் வரும்!

இதற்கு ஒரே எதிரி ஓனரம்மா. மாடியில் மத்தியானம் படுத்துத் தூங்குகிறவளுக்கு அஞ்சு மணிக்குப் புகை ஏறும். உடனே சப்பாத்திக் கட்டையால் தரையில் டம் டம் என்று இடிப்பாள். ஜன்னல் திறக்கும். "ஓய் மதராசன்! என் துப்பட்டாவெல்லாம் கருகல் நாத்தம்! உன் கடை நாசமாப் போக!" மதராசன் என்றால் அவள் பாஷையில் மதராஸ்காரி. நானும் விடமாட்டேன், கீழேயிருந்து கத்துவேன். என் இந்தியில் ஆண்பிள்ளை பெண்பிள்ளை எல்லாம் தலைகீழாக வரும், 'நான் வறுக்கிறான்' என்பது மாதிரி. திட்டிக்கொண்டிருக்கிற அவளுக்கே சில நாள் சிரிப்பு வந்துவிடும். வந்தாலும் மறுநாள் திட்டு குறையாது.

இப்படியே கடை பிடித்துக்கொண்டது. ஆர்.கே.புரத்திலிருந்து வந்தார்கள், லோதி காலனியிலிருந்து வந்தார்கள். ஒரு அம்மாள் சொன்னாள், "போன மாசம் எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு." எனக்கு அதைவிட ஒரு பாராட்டு வேண்டாம். இந்த ஊரில் இருக்கிற நம் ஆட்களுக்கு என்ன நிம்மதி சொல்லுங்கள்? பார்லிமெண்ட் கேள்வி வந்தால் ராத்திரி வரை ஆபீஸ். குழாயில் தண்ணீர் வருமா தெரியாது. எப்போது மாற்றல் வரும் தெரியாது. பிள்ளைகளைத் தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்லுகின்றன. காலையில் குடிக்கிற ஒரு டம்ளர் காப்பியாவது நேற்று மாதிரி இருந்துவிட்டுப் போகட்டுமே!

இது என் கொழுந்தன் மண்டையில் ஏறவில்லை. அவனுக்கு விளம்பரக் கம்பெனியில் வேலை கிடைத்திருந்த நேரம். ஞாயிற்றுக்கிழமை வந்து பெஞ்சில் உட்காருவான்.

"மதினி, ஜமானா மாறிப்போச்சு. மாசம் ஒரு புதுசு வரணும். ஜனங்களுக்கு போர் அடிக்கும்லா?"

"காலையில பல்லு தேய்க்குதியே தம்பி, போர் அடிக்கா?"

"அதில்ல மதினி, ஒரு எக்ஸைட்மெண்ட் வேணும்."

"காப்பி குடிச்சா வரும். குடிச்சுட்டுப் போ."

கேட்பானா? ஒரு நாள் பளபளவென்று பிளாஸ்டிக் கவர் அச்சடித்துக் கொண்டுவந்தான். அதில் ஒரு யானை, ஒரு தென்னை மரம், பரதநாட்டியம் ஆடுகிற ஒரு பெண்பிள்ளை. "காப்பிக்கும் யானைக்கும் என்ன தம்பி சம்பந்தம்?" என்றேன். "சவுத் இந்தியன் ஃபீல் மதினி" என்றான். "அப்போ உங்க அண்ணன் படத்தைப் போடேன், அவரும் சவுத் இந்தியன்தான்" என்றேன். முகம் தொங்கிப்போனது. அந்தக் கவர்களை வீணாக்கவில்லை, அலமாரித் தட்டுகளில் விரித்துவிட்டேன். யானைகளின் மேல்தான் ரொம்ப நாள் சிக்கரி டப்பா இருந்தது.

அப்புறம் மெட்ரோ வேலை வந்தது.

ரோட்டின் நடுவில் தூண் எழுப்ப வேண்டும். எங்கள் வரிசைக்கு முன்னால் ஆளை மறைக்கிற உயரத்துக்கு நீலத் தகரத்தை வரிசையாக நட்டுவிட்டார்கள். பஸ் ஸ்டாப் எங்கேயோ தள்ளிப்போனது. தகரத்துக்கும் கடைக்கும் நடுவில் ஒரு ஆள் பையோடு நடக்கிற இடம்தான் மிச்சம். பகலெல்லாம் இடி முழக்கம், அலமாரி டப்பாவெல்லாம் நடுங்கும், எல்லாவற்றின் மேலும் புழுதி. ஊருக்கு மெட்ரோ வேண்டும்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் கடை இருக்கிறதே யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. வளையல் கடைக்காரர் பூட்டிக்கொண்டு போனார். மிட்டாய்க் கடை வேறு தெருவுக்குப் போனது. பக்கத்து ஜீன்ஸ் கடைக்காரர் மட்டும், வேறு இடங்களில் அவருக்கு இருந்த கடைகளின் லாபத்தில், அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

கொழுந்தன் ஒரு பேனரைத் தூக்கிக்கொண்டு வந்தான். 'கடை திறந்திருக்கிறது' என்று மூன்று பாஷையில். அதை என் வாசலில் கட்டினான். எதிரே தகரம். "யார் படிக்கணும் தம்பி இதை? தகரமா?" என்று கேட்டேன். "அப்போ வேலை முடியற வரைக்கும் மூடிப்போடுங்க மதினி. பிறகு புதுப் பேர்ல, புது லுக்ல ஒரு ரீலாஞ்ச் பண்ணலாம்" என்றான். இதுதான் அவன் சொன்னது. 'மாற்றாதீர்கள்' என்று சொன்னதாக மேடையில் அளக்கிறானே, அந்த வாய் சொன்னது இதுதான்.

நான் யோசித்தேன். போர்டு தெரியாது, வாசல் தெரியாது, நான் தெரியமாட்டேன். ஆனால் வாசனைக்குத் தகரம் என்ன, கோட்டைச் சுவரே இருந்தால் என்ன? அஞ்சு மணிக்கு அடுப்பை மூட்டினேன்.

சில நாளில் தகரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து தட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. "அக்கா! கடை இருக்கா? உள்ள எப்படி வாரது?" நான் இந்தப் பக்கமிருந்து கத்துவேன், "இடது பக்கமா போங்க, மோசம்பி ஜூஸ் வண்டி நிக்கும், அதுக்குப் பின்னால ஒரு சந்து இருக்கு, ஒருக்களிச்சு வாங்க!" வயிற்றைச் சுருக்கிக்கொண்டு, சட்டையெல்லாம் புழுதியாக வந்து நிற்பார்கள். வந்தவர்கள் பழைய கூட்டத்தில் பாதிதான், ஆனால் வந்தார்கள்.

அந்த நேரத்தில் ஊரில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம் வந்தது. நான் போகாமல் முடியாது. என் புருஷன் ஆபீசுக்கு லீவு போட்டுக் கடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ரயில் ஏறுகிற வரைக்கும் படித்துப் படித்துச் சொன்னேன். "ஏங்க, ஆள் வந்தாலும் சரி, வராட்டாலும் சரி, அஞ்சு மணிக்கு வறுத்துருங்க." தலையாட்டினார். அவர் ஆபீசரிடம் ஆட்டி ஆட்டிப் பழகின தலை, அதை நம்பியிருக்கக் கூடாது.

திரும்பி வந்து குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் ஏறுகிறேன், எதிர்வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். "கடையைக் குடுத்துட்டீங்களாமே? நல்லதுதான், எதுக்கு அந்தப் புழுதியில கெடந்து சாகணும்? உடம்பைப் பாத்துக்கிடுங்க." அவள் கையில் ஒரு தகர டின். மச்சினர் ஊரிலிருந்து கொண்டுவந்த காப்பிப்பொடியாம்.

உள்ளே போய்ப் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "வறுத்தீங்களா?"

"கடை தெறந்துதான் இருந்துச்சு. நான் உள்ளயே உக்காந்திருந்தேன்."

"வறுத்தீங்களான்னு கேக்கேன்."

"வறுத்த கொட்டைதான் டப்பா நெறைய இருந்துச்சே. ஆளும் வரல. எதுக்கு வீணா கேஸு, புகைன்னுட்டு..."

"நீங்க உக்காந்திருந்தது யாருக்குத் தெரியும்? தகரத்துக்கு அந்தப் பக்கம் நிக்கவனுக்கு வாசனைதான் கடை! வாசனை இல்லைன்னா கடை இல்லை!"

பாவம், சிக்கனம் பார்த்திருக்கிறார். சர்க்கார் ஆபீசில் ஆளில்லாத அறையில் ஃபேனை நிறுத்துகிற நல்ல மனுஷன். அப்போது எனக்கு அந்த நல்ல மனுஷனைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கட்டியெழுப்ப அத்தனை வருஷம் பிடித்தது, 'கடை போயிட்டாம்' என்ற ஒரு சொல் டெல்லித் தமிழ் வீடுகளையெல்லாம் சுற்றிவர ஒரு கல்யாண லீவு போதுமானதாக இருந்தது. ஒருத்தர் கோயிலில் சொல்ல, இன்னொருத்தர் ஆபீஸ் கேன்டீனில் சொல்ல, என் கடைக்குக் கருமாதியே முடித்துவிட்டார்கள்.

மறுநாள் போய் அடுப்பை மூட்டினேன். மேலே சப்பாத்திக் கட்டை முன்னைக்காட்டிலும் பலமாக இடித்தது. தகரத்தை யாரும் தட்டவில்லை.

அந்த வாரமே ஓனர் இறங்கி வந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "பாபிஜி, ஜீன்ஸ் கடைக்காரர் உங்கள் இடத்தையும் சேர்த்துக் கேட்கிறார். நடுச்சுவரை இடித்து ஒரே ஷோரூமாக்குவாராம். உங்களுக்கும் வியாபாரம் இல்லை. ஹோலி வரைக்கும் பாருங்கள். அதற்குள் கூட்டம் திரும்பாவிட்டால் காலி செய்து கொடுங்கள்."

வீட்டில் சொன்னேன். என் புருஷன் பெருமூச்சு விட்டு, "விட்டுருவோமே" என்றார். கொழுந்தன், "இதான் மதினி கரெக்டான டைம், எக்ஸிட் பண்ணிருங்க" என்றான். ஆளாளுக்கு எனக்கு ஓய்வு கொடுக்கத் துடித்தார்கள். எவன் கேட்டான் ஓய்வு?

இங்கே ஒன்றை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். குவார்ட்டர்ஸ் என் புருஷன் பேரில். ரேஷன் கார்டு அவர் பேரில். கேஸ் கனெக்‌ஷன் அவர் பேரில். காலனியில் நான் வீட்டு நம்பரைச் சொல்லி 'இன்ன குவார்ட்டர்ஸ் மாமி'. அந்தக் கடையில்தான், புழுதிக்கும் புகைக்கும் நடுவில், நான் நானாக இருந்தேன். என்னைத் தேடிக்கொண்டு ஆள் வந்த ஒரே இடம் பூமியில் அதுதான். அது போனால் நான் திரும்பவும் பால்கனியில் நின்று போர்வை உதற வேண்டியதுதான். என்னால் முடியாது.

"ஹோலி வரைக்கும் கடை எனதுதானே? அதுவரைக்கும் அஞ்சு மணிக்கு வறுப்பேன்" என்று சொல்லிவிட்டேன்.

வறுத்தேன். ஒருத்தர் இரண்டு பேராகத் தகரத்தைத் தட்டினார்கள். "கடை இல்லைன்னாங்களே!" என்று என்னைப் பேயைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். "நல்லாப் பாத்துக்கிடுங்க, கால் தரையிலதான் இருக்கு" என்றேன். அவர்கள் போய் நாலு பேரிடம் சொல்லியிருப்பார்கள்தான். ஆனால் கெட்ட சேதி ஓடுகிற வேகத்தில் நல்ல சேதி எங்கே ஓடுகிறது? ஹோலி நெருங்க நெருங்க, ஒரு ஆள்கூட வராத சாயங்காலமும் இருந்தது. அந்தச் சாயங்காலத்திலும் கொட்டை அதே நிறத்துக்கு வந்த பிறகுதான் இறக்கினேன். யாரும் பார்க்கவில்லை என்று அரைகுறையாக இறக்குகிறவளுக்கு, பார்க்கிறபோதும் கை சரியாக வராது.

ஹோலிக்கு முந்தின நாள் வந்தது. தெருப் பிள்ளைகள் தண்ணீர் பலூனை எறிந்து பழகிக்கொண்டிருந்தன, தகரத்தில் டப் டப் என்று அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் யாரோ வாடிக்கை தட்டுகிறார்கள் என்று நான் எட்டிப் பார்த்து ஏமாந்தேன். சரியாக அஞ்சு மணிக்கு டிரம்மைச் சுழலவிட்டேன். அப்போது ஓனர் வந்தார், பின்னாலேயே ஜீன்ஸ் கடைக்காரர் கையில் அளவு டேப்போடு.

பேச்சு இந்தியில்தான் நடந்தது, நான் தமிழில் எழுதுகிறேன்.

"பாபிஜி, மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அளக்க வேண்டும்."

"அளந்துக்கோங்க. மணி அஞ்சு. நான் வறுக்கணும்."

"இனிமேல் யாருக்கு வறுக்கிறீர்கள்?"

நான் டிரம்முக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். கொட்டை சூடேறிப் படபடவென்று வெடிக்க ஆரம்பித்தது. புகை கிளம்பி அந்தச் சின்ன இடத்தை நிறைத்தது. ஜீன்ஸ் கடைக்காரர் இருமி இருமிக் கண்ணில் தண்ணீரோடு அளந்தார். டேப்பின் நுனி கையை விட்டு நழுவிச் சுருண்டு சுருண்டு போனது. நான் ஒரு அங்குலம் நகர்ந்து கொடுக்கவில்லை. என்னையும் டிரம்மையும் சுற்றித்தான் அளக்க வேண்டியிருந்தது.

மேலே கட்டை இடிக்கிற சத்தம் கேட்டது. வழக்கம் போல ஜன்னல் திறக்கும் என்று நினைத்தேன், திறக்கவில்லை. மாடிப்படியில் யாரோ ஒவ்வொரு படியாகக் காலை ஊன்றி, முனகிக்கொண்டு இறங்குகிற சத்தம் வந்தது. ஓனரம்மா! மூட்டுவலியில் எத்தனையோ காலமாகக் கீழே இறங்காதவள். டாக்டரே மேலே போய்த்தான் பார்ப்பார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் மாவு ஒட்டின சப்பாத்திக் கட்டையோடு வாசலில் வந்து நின்றாள். போச்சு, கடைசி நாள் நேரிலேயே ஒன்று போட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. புருஷனைப் பார்த்தாள். "இது என்ன டேப்பு?"

"இவருக்கு விடப்போகிறேன் என்று சொன்னேனே."

"எப்போது சொன்னாய்? யாரைக் கேட்டாய்?"

"அரே, இவளுக்கு வியாபாரமே இல்லை..."

"இவள் ஊருக்குப் போனபோது என்ன ஆயிற்று, மறந்துவிட்டதா?" அந்தக் குரலுக்குப் பலூன் எறிகிற பிள்ளைகள்கூட அடங்கின. "மத்தியானம் படுத்தவள் இருட்டின பிறகு எழுந்தேன். டீ எங்கே, டீ எங்கே என்று குதித்தது யார்? கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து எனக்குக் கடிகாரத்து முள் தெரிகிறதா? இந்த மதராசன் கருக்குகிற நாத்தம் வந்தால் அஞ்சு மணி. எழுந்து இவளைத் திட்டுவேன். திட்டுகிற வேகத்தில் முட்டி வலி மறந்து எழுந்து நின்றுவிடுவேன். டீ போடுவேன். வெயிலோ குளிரோ ஒரு நாள் தவறினது கிடையாது. கழுதை, கரண்ட் போனாலும் கையால் சுற்றுவாள்! இவர் ஜீன்ஸ் பேண்ட் அஞ்சு மணிக்கு நாறுமா? சொல்லு, நாறுமா?"

ஜீன்ஸ் கடைக்காரர் என்ன சொல்வார்? இருமினார்.

ஓனர் குரலைத் தாழ்த்தி, வியாபாரம், ஒப்பந்தம் என்று ஏதோ ஆரம்பித்தார். அவள் கட்டையைத் தூக்கவில்லை, கத்தவும் இல்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"வீடு யார் பேரில் இருக்கிறது?"

ஓனர் ஜீன்ஸ் கடைக்காரரைப் பார்த்துக் கையை விரித்தார். டேப் தானாகச் சுருண்டு டப்பாவுக்குள் போனது. ஜீன்ஸ் கடைக்காரர் 'பிறகு பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டு ஒருக்களித்து வெளியே போனார்.

அவள் இப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "என்ன வாயைப் பிளந்து பார்க்கிறாய்? கருகுது!"

நிஜமாகவே கருகிவிட்டது. டிரம்மைத் திறந்தால் கரிக்கட்டை. அந்த ஈட்டை அப்படியே குப்பையில் கொட்டினேன். நல்லதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து விட்டிருந்தால் யாருக்கும் தெரியாதுதான். எனக்குத் தெரியுமே! புதிதாகக் கொட்டையைப் போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். வறுக்க வறுக்கக் கண்ணீர் கொட்டியது. புகையால் என்று சொல்லிக்கொள்ளலாம். புகையால் இல்லை, அழுதேன். எத்தனை வருஷம் நான் நாசமாய்ப் போக வேண்டும் என்று வாய் வலிக்கக் கத்தினவள், எனக்காக முட்டி தேய இறங்கி வந்திருக்கிறாள்.

கடையை மூடுவதற்கு முன்னால் நல்ல டிகாக்‌ஷனாக இறக்கி, நுரைக்க ஆற்றி, ஒரு டம்ளர் காப்பி மாடிக்குக் கொண்டுபோனேன். மோந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். "சீ, கசப்பு" என்று புருஷன் பக்கம் தள்ளிவிட்டாள். அந்த மனுஷர் மிச்சம் வைக்காமல் குடித்தார்.

மறுநாள் ஹோலி. அதற்கடுத்த நாள் அஞ்சு மணிக்கு அடுப்பை மூட்டினேன். மணம் மேலே ஏறிற்று. சத்தமே இல்லை. படி இறங்கினதில் முட்டி வீங்கிப் படுத்துவிட்டாளோ என்று எனக்குக் கை ஓடவில்லை. பிறகு, டம் டம்! ஜன்னல் திறந்தது.

"ஓய் மதராசன்! அன்றைக்கு இரண்டு தடவை வறுத்தாயே, நான் இரண்டு தடவை டீ போட்டேன்! அதை யார் குடிப்பது, உன் அப்பனா?"

"நீங்களே குடிங்க!" என்று கத்தினேன். அந்தத் திட்டைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

அதற்கப்புறம் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. தகரத்தை எடுத்த நாளில் நான் ஸ்வீட் கொடுக்கவில்லை, தள்ளுபடி கொடுக்கவில்லை, பேனர் கட்டவில்லை. அஞ்சு மணிக்கு வறுத்தேன். ஸ்டேஷன் மேலே உயரத்தில் இருக்கிறது. சாயங்கால ரயிலில் வந்து படியிறங்குகிற நம் ஆட்கள் பாதிப் படியிலேயே மூக்கை உயர்த்துவதை என் பெஞ்சிலிருந்து பார்க்கலாம். எதிர்வீட்டுக்காரியும் வந்தாள். காக்கிக் கவரை மாற்றவில்லை, ஊதா மையை மாற்றவில்லை. இரண்டு ரகம்தான் இன்னும்.

தம்பி, அடுத்த தடவை மைக்கைப் பிடிக்கும்போது நீ சொன்னதாகச் சொல்லாதே. சொல்லியே ஆகவேண்டும் என்றால் இதையும் சேர்த்துச் சொல். உன் மதினியின் கடையைக் காப்பாற்றினவள் மாடியில் இருக்கிறாள். இன்றுவரைக்கும் ஒரு வாய் காப்பி அவள் குடித்ததில்லை.